வாசகத்தில் வரும் நான்

எங்கள் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டே திருத்தூதர் பவுலுக்கு வக்காலத்து வாங்கினார் ஸ்டீவ். மந்தைவெளியில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு அவர்தான் செயலாளர். தபாலில் இறையியல் படித்தவர். வெள்ளிக்கிழமை காலைப் பூசையில் பைபிள் வாசகம் படிப்பது எங்கள் அன்பியத்தின் முறை. வந்து வாய்த்ததோ, பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பகுதி. நான் நல்லது செய்யத்தான் நினைக்கிறேன், முடியவில்லை, எதை வெறுக்கிறேனோ அதையே செய்து தொலைக்கிறேன் என்று ஒருவர் புலம்புவது. படிக்க வேண்டியவர் என் கணவர் ஆரோக்கியநாதன்.

ஒரு வருஷம் பாட்டிலைத் தொடாமல் இருந்த மனுஷன், போன வாரம் லஸ் முனையில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தார். கோயில் பாடகர் குழுவில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அந்த ‘நான்’ பவுலே இல்லை என்றார் ஸ்டீவ். பவுல் அங்கே ஆதாமின் குரலில் பேசுகிறாராம். இல்லாவிட்டால் கிறிஸ்துவை அறியாத யாரோ ஒருவனின் குரலில். அந்தக் காலத்தில் அப்படி எழுதும் வழக்கம் உண்டு என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். எனக்கு அந்த விளக்கம் ரொம்பவே பிடித்திருந்தது. ஆதாம் தலையில் போட்டுவிட்டால் யாருக்கும் வம்பில்லை. ஆனால் ஸ்டீவ் சுற்றி வளைத்து வந்து நின்ற இடம் வேறு. இதெல்லாம் சனங்களுக்குத் தெரியாது, அண்ணன் படித்தால் அண்ணன் கதை என்றுதான் சிரிப்பார்கள், இந்த ஒரு முறை வேறு யாராவது படிக்கட்டும், ஃப்ளோரன்ஸ் அக்கா நீங்களாவது சொல்லுங்கள் என்றார். நானும் சொன்னேன். அவமானம் எனக்கும்தானே.

ஆரோக்கியநாதன் குனிந்த தலை நிமிராமலே பேசினார்.

“ஆதாமா இருந்தா இன்னா, பவுலா இருந்தா இன்னா? என்னிய பத்தி எல்லாரும் முதுகுக்குப் பின்னால பேசிக்கினுதான் கீறாங்க. ஒரு தபா நானே பேசிக்கிறேன், ஸ்டீவு.”

வெள்ளிக்கிழமை அவரோடு சேர்ந்து நடக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. தனியாகப் போய்க் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மேடை ஏறினார். குரல் நடுங்காமல் படித்தார். ஒவ்வொரு ‘நான்’ வரும்போதும் எனக்குப் புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த நிலையிலிருந்து என்னை விடுவிப்பவர் யார் என்ற கேள்வி வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அதற்குப் பதிலாகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் ஒரு வரிதான் இன்னும் பாக்கி.

படிப்பவர் கொஞ்சம் நீளமாக நிறுத்தினால், வாசகம் முடிந்ததென்று எங்களுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று முடிவில் சொல்ல வேண்டியதை அவர் சொல்லாமலே, கோயில் மொத்தமும் “இறைவா உமக்கு நன்றி” என்று இழுத்தது. கீபோர்டுக்காரர் பதிலுரைப் பாடலை ஆரம்பித்தும் விட்டார். இப்போது இறங்கிவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இறங்கி வந்துடுய்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் இறங்கவில்லை. கீபோர்டுப் பக்கம் கையை உயர்த்தினார். இசை பாதியில் நின்றது. முன் வரிசையில் ஸ்டீவ் தரையைப் பார்க்கத் தொடங்கினார். என் கணவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, எங்களைப் பார்த்து அந்தக் கேள்வியை மறுபடி கேட்டார்.

இந்தத் தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை. உயர்த்திய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.