வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் எழுதிய பெயர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ‘இரக்கத்தினால் எழுதுகிறேன்’ என்றொரு தொடக்கம் வைத்திருந்தேன், அடித்துவிட்டேன்.

1973, தவக்காலம். என் மனைவி பியாட்ரிஸுக்கு வலிப்பு உண்டு. ஒரு வருஷம் வராமல் இருந்தது திரும்பி வந்தது. தி.நகர் டாக்டர் நோட்டு எழுதச் சொன்னார். ஜவுளிக்கடையில் கடிதங்கள் எழுதுபவன் நான். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டேன். தூக்கம், சாப்பாடு, மாத்திரை, வலிப்புக்கு முன் நடந்தது.

பியாட்ரிஸ் அதைத் திறந்ததே இல்லை. “என் வியாதியை நான் வேற படிக்கணுமா?” என்பாள்.

2

பிலிப்பை எப்படி எழுதுவது? முதல் வரைவில் மெல்லிய மீசையும் நீண்ட விரல்களும் கொடுத்தேன். (நிஜத்தில் தொப்பை. பியாட்ரிஸ் பாடும் மயிலாப்பூர் கோவில் பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவன்.)

மூன்று வெள்ளி, மூன்று வலிப்பு, மூன்றும் அங்கே பாட்டுப் பயிற்சியின்போது. ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்த்து, எனக்குச் சீட்டு அனுப்பினான்: ‘இரண்டு நிமிஷம் பத்து வினாடி.’ நான் பார்க்காத என் மனைவியின் முகத்தை அவன்

(முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

நான்காம் கட்டத்தில் மூன்று முறையும் எழுதினேன்: பிலிப்.

3

“இனிமே பாட்டுக்குப் போக வேணாம்.”

“டாக்டர் சொன்னாரா?”

“நோட்டு சொல்லுது.”

“நோட்டுக்கு ஏது வாய்? எழுதறது நீங்கதானே?”

ஆனாலும் அடுத்த வெள்ளி போகவில்லை. மாலை ஐந்து மணிக்கு அடுப்படியிலேயே விழுந்தாள். நான் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துக்கொண்டு நின்றேன். இம்முறை பார்த்தவன் நான் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். இதை அடிக்க நினைத்தேன்; அடிக்கவில்லை.

4

மறுநாள் பிலிப் வந்தான். “இன்னா பவுல் சார், அக்கா நேத்து வரலியே?”

(அக்காவாம். அதையும் நான் நம்பவில்லை.)

சொன்னேன்.

“சாவியெல்லாம் வேணாம் சார், ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும். மாத்திரை போட்டாங்களா?”

“தினம் போடறா. நோட்டுல இருக்கு.”

“வெள்ளிக்கிழமை எப்படிப் போடுவேன்?” என்றாள் பியாட்ரிஸ். “ஒருசந்தியாச்சே. ராத்திரி வரைக்கும் பட்டினி. பொட்டலத்துல ‘சாப்பாட்டுக்குப் பின்’னு எழுதியிருக்கு. சாப்பிடலை, அதனால காலைல போடலை.”

“அடக் கடவுளே! பட்டினியும் இருந்து மாத்திரையும் விட்டா இன்னாத்துக்கு ஆவறது அக்கா?”

நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் கட்டத்தில் என் கையெழுத்திலேயே ‘ஒருசந்தி’. மூன்றாம் கட்டத்தில் எல்லா நாளும் சரி அடையாளம். அவளைக் கேட்காமல், ஞாயிறன்று வாரத்துக்கும் சேர்த்துப் போட்டது. என் கண் நான்காம் கட்டத்தை விட்டு நகரவே இல்லை.

5

முடிவுகள்.

(அ) புது நோட்டு வாங்கி, பிலிப் இல்லாமல் அழகாகப் பிரதி எடுக்கிறேன். சரி அடையாளங்களையும் பிரதி எடுத்தால், மாத்திரை போட்டும் நிற்கவில்லை என்று டாக்டர் மருந்தைக் கூட்டுவார்.

(ஆ) நோட்டை பஸ்ஸில் தவறவிடுகிறேன். நான் எதையும் தவறவிடுபவன் அல்ல; பியாட்ரிஸ் நம்பமாட்டாள்.

(இ) திங்கட்கிழமை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி, “நீங்களே வாசிங்க” என்கிறார். மூன்று கட்டங்களை உள்ளது உள்ளபடி வாசித்து, அடையாளங்கள் பொய் என்று சொல்லிவிட்டேன். “நாலாவது?” என்கிறார்.

இங்கே நிறுத்துகிறேன். நான் வாசித்தேனா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பியாட்ரிஸ் என் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள். அவள் காதில் விழும் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.