ஐரீன் தன் கையால் எழுதியது

ஒஹையோ மாநிலம் டொலிடோவில், 2019 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை, ஸ்டான் நோவிட்ஸ்கியை அடக்கம் செய்தார்கள். வருமான வரிக் கணக்கு கொடுக்கக் கடைசி நாள் திங்கள்கிழமை.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. தவக்கால வெள்ளி என்பதால் இறைச்சி இல்லை. ஸ்டானின் மனைவி ஐரீன் தட்டில் மீனை எடுத்து வைக்கும்போது மகன் கென் பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, வரிக் கணக்கை இந்தத் தடவை வெளிய குடுத்துடலாம். ஒருத்தர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு."

"யாரைக் கேட்டுப் பேசின?"

"நீ பண்ணதே இல்லையேம்மா. அப்பா காட்டுற இடத்துல கையெழுத்துப் போடுவே, அவ்வளவுதான்."

அது உண்மை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"பீஸ் முந்நூறு டாலராம்" என்றார் ஸ்டானின் தம்பி லியோ. "அண்ணன் காதுல விழுந்திருந்தா பெட்டியை உடைச்சிட்டு எழுந்து வந்திருப்பான்."

ஐரீன் உரக்கச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கென் குரலைத் தாழ்த்தினான். "பணத்துக்காகச் சொல்லலம்மா. படிவத்து உச்சியில அப்பா பேரையும் தேதியையும் போட்டு, 'காலமானார்'னு எழுதணும். அவர் டைப் பண்ணிடுவாரு. நீ பார்க்கவே வேணாம்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"கடைசி மாசம் அவரைக் குளிப்பாட்டினது நான். முகம் மழிச்சுவிட்டது நான். இதை எழுத மட்டும் கூலிக்கு ஆள் வைக்கணுமா?"

"தப்பு வந்துட்டா?"

"வரட்டும். உங்க அப்பா ஒரு வருஷம் பிள்ளைங்க பேர் எழுதற இடத்துல உன்னையே விட்டுட்டாரு. நீ என்ன காணாமலா போயிட்டே?"

லியோ வாயைப் பொத்திக்கொண்டார். கென் வெளியே போனான். அந்த ஆளுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் சமையலறை மேசையில் அவள் எழுதினாள். கென் எதிரில் உட்கார்ந்திருந்தான். பேனாவுக்கு இரண்டு முறை கை நீட்டினான், அவள் தரவில்லை. கூட்டல்களை முடித்தாள். தன் கையெழுத்தைப் போட்டாள். ஸ்டானின் கையெழுத்துக்கான கோட்டில், விளக்கப் புத்தகம் சொன்னபடி, உயிரோடிருக்கும் துணை என்ற முறையில் தாக்கல் செய்வதாக எழுதினாள். உச்சி வரியைக் கடைசியாக வைத்திருந்தாள். அதை எழுதும்போது பேனா அழுந்தி, அடித்தாள்வரை தடம் விழுந்தது.

கென் எழுந்து காபி போட்டான்.

திங்கள்கிழமை அஞ்சலகம் போய் அவளே அனுப்பினாள். ஜூன் மாதம் வரி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒரு கூட்டல் தவறு. திரும்ப வரவேண்டிய தொகையில் பத்தொன்பது டாலரைக் குறைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டும் அவளேதான் எழுதினாள்.