அறிவிப்பாளரின் ழகரம்

என் வீட்டுக்காரர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவருடையதுதான். கல்யாணமான புதிதில் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே ஒரு வேலையும் இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இருக்கட்டும்.

பக்கவாதம் வந்தபோது கையையும் காலையும் விட்டுவிட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன நோய்க்கு வேறு இடமா கிடைக்கவில்லை? பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ழகரம் மட்டும் திரும்பவில்லை. ஏழாவது நடைமேடை 'ஏலாவது' நடைமேடை ஆனது.

நிலைய மேலாளர் நல்ல மனிதர்தான். "ஒரு நாள் வந்து மைக்ல பேசிக் காட்டுங்க. சரியா வந்தா உங்க சீட் உங்களுக்கு. இல்லன்னா பார்சல் ஆபீஸ்ல போட்டுடறேன்," என்றார்.

பார்சல் ஆபீஸாம்! பேசியே வாழ்ந்த மனிதரை மூட்டைகளுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னால் உருகிப்போய்விடுவார் என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் மகள் கெட்டிக்காரி. குறுக்கு வழி கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவருடைய பழைய அறிவிப்புகளை எங்கெங்கோ தேடிப் பிடித்து, வெட்டி ஒட்டி, போனில் ஏற்றிவிட்டாள்.

"மைக் முன்னாடி இதை வெச்சு பட்டனை அமுக்குங்கப்பா, போதும். உங்க குரல்தானே?"

"அது போன வருஷத்து ஆளு," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக. "இப்ப இருக்கறவன் பேசணும்."

"ஊர்ல பாதிப் பேரு ழாவை ளான்னுதான் சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் கெடந்து அவதிப்படறீங்க?"

"அவங்க மைக்ல பேசலியே."

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், நாக்கு நுனியைப் பின்னால் மடித்து, மேலே எங்கும் ஒட்டாமல் நிறுத்தச் சொல்லியிருந்தாள். இவர் சவரக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். வாலைப்பலம். வாயைப்பயம். வாளைப்பளம். அந்தப் பழத்தை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமா! காய்கறிக்காரரிடம்கூடச் சொல்லிப் பார்த்தார். அவர் சிரிக்க, இவரும் கூடச் சிரித்துவிட்டு மறுபடி சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"பொறுத்தார் பூமி ஆள்வாராம்! எனக்குப் பூமியெல்லாம் வேணாம், வீட்ல கொஞ்சம் அமைதி இருந்தா போதும்," என்று கத்தினேன். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். அங்கிருந்தும் வாளைப்பளமே வந்தது.

ஒரு நாள் நான் பாத்திரம் தேய்க்கும்போது சுத்தமாக "வாழைப்பழம்" என்று கேட்டது. ஓடினேன். அதற்குள் நழுவிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பேசிக் காட்ட வேண்டிய நாளன்று பேய்மழை. மகள் யாருக்கும் தெரியாமல் போனை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் அறிவிப்பு அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றோம். மேலாளர் அவரிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். மழையால் ஒரு வண்டி தாமதமாம், திறந்திருந்த கதவு வழியே காதில் விழுந்தது.

மகள் என் கையை இறுக்கினாள். "போச்சும்மா! மழைன்னு நான் எதையுமே போன்ல ஏத்தலியே. அப்பா மலைன்னு சொல்லிட்டா?"

மலை காரணமாக வண்டி தாமதம் என்றால் நிலையமே சிரிக்காதா? அவரோ பையில் தட்டுப்பட்ட போனை எடுத்து மேஜையில் ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

அதோடு நின்றுவிட்டது. மேலாளரின் கை சுவிட்சை நோக்கிப் போனது. இவர் ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினார். கன்னம் அசைந்தது. உள்ளே நாக்கு மடிவதை நான் கண்ணாடி வழியே பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

"மழை காரணமாக..."

மேலாளர் கையை எடுத்துக்கொண்டார். வாக்கியம் முழுவதும் வந்து முடிந்தது. மேலாளர் இன்னும் இரண்டு சீட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனார். அடுத்த அறிவிப்பும் என் வீட்டுக்காரர் குரலிலேயே வந்தது.

நான் நடைமேடை என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதேன். பக்கத்தில் பெட்டியோடு நின்றிருந்த ஒரு பெரியவர் பதறிவிட்டார்.

"வண்டி லேட்டுதாம்மா, வந்துடும். இதுக்குப் போயா அழுவாங்க?"