பெரியப்பா வரும்வரை

அந்த ஆலயத்தில் பெரியப்பா என்றால் ஆள் அல்ல, ஒரு குழாய். ஆர்கன் என்ற காற்று வாத்தியத்தில் இருக்கும் குழாய்களிலேயே ஆக நீளமானது, ஆகத் தடிமனானது, ஆகக் கீழே ஒலிப்பது. வீட்டில் எந்த விசேஷமானாலும் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு நிதானமாக வந்து சேர்கிற ஒருவர் இருப்பாரே, அவரை மனதில் வைத்துத்தான் யாரோ அந்தப் பேரைச் சூட்டியிருக்க வேண்டும். மற்ற குழாய்கள் கட்டையை அழுத்தியதும் பாடும். பெரியப்பா மட்டும் ஒரு மூச்சு கழித்துத்தான் வருவார். அதனால் பாட்டின் கடைசி வரியில், முடிவுக்கு முந்தைய எழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு மொத்தச் சபையும் காத்திருக்கும். அவர் வந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து முடிப்பார்கள். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் அவசரப்பட்டுத் தனியாக முடித்துவிட்டு அசடு வழிவார்கள். அடுத்த வாரம் அவர்களும் காத்திருப்பார்கள்.

பெரியப்பா தாமதமாக வருவதற்கு அவர் பொறுப்பல்ல. பழி முழுக்க ஒரு கட்டடக் குழுவைச் சேரும்.

அந்தச் சபைக்கு இது மூன்றாவது ஆர்கன். முதலாவது, சபை ஒரு வாடகைக் கூடத்தில் கூடிக்கொண்டிருந்தபோது மரப்பெட்டிகளில் கப்பலேறி வந்தது. துணி அலமாரி அளவுதான் இருக்கும். பின்னால் ஒருவர் நின்று துருத்தியை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிரசங்கத்தில் அவர் தூங்கிவிட்டால் அடுத்த பாட்டு வாய்ப்பாட்டுதான். கல்லால் ஆலயம் எழும்பியதும் அதை ஒரு சின்னச் சபைக்குக் கொடுத்துவிட்டு, பெரிதாக இரண்டாவதைச் செய்வித்தார்கள். அது நன்றாகத்தான் பாடியது. ஆனால் கூரை ஒழுகி, அடைமழை முழுவதும் அதன் தலையிலேயே இறங்கியதில் தோலும் துணியும் அழுகிப்போயின. ஒழுகாத மூலையில் நின்ற பெரிய மரக்குழாய் ஒன்றுதான் பிழைத்தது. அதுதான் பெரியப்பா.

மூன்றாவதைப் பின்புற மாடத்தில் வைப்பதென்று முடிவாயிற்று. குழுவில் ஒரு பொறியாளர், இரண்டு கட்டட ஒப்பந்தக்காரர்கள், ஒரு தலைமையாசிரியர். கெட்டிக்காரர்களுக்குக் குறைச்சலே இல்லை. மாடத்தைக் கட்டி, கூரை போட்டு, வெள்ளையடித்து, நன்றி ஜெபமும் செய்து முடித்தபின் பெரியப்பாவைத் தூக்கி வந்து நிறுத்தப் பார்த்தார்கள். தலை இடித்தது. அளந்து பார்க்கும் வேலையை ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்திருப்பார் என்று நினைத்திருந்தார்கள். "கொஞ்சம் அறுத்துட்டா என்ன?" என்று தலைமையாசிரியர் கேட்டாராம். குழாயை அறுத்தால் சுருதியே ஏறிவிடும் என்று ஆர்கன் செய்ய வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். கடைசியில் பெரியப்பாவைக் கொண்டுபோய்ப் பக்கத்து மணிக்கூண்டு அறையில், ஏணிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். மாடத்திலிருந்து அங்கே ஒரு மெல்லிய ஈயக் குழல் போயிற்று. கட்டையை மிதித்தால் ஒரு துளிக் காற்று அந்தக் குழல் வழியே சுவரைச் சுற்றிப் போய், பெரியப்பாவின் வாயைத் திறந்துவிட வேண்டும். அந்தக் காற்று நடந்து போகிற நேரம்தான் சபை காத்திருந்த நேரம்.

இப்படிக் காத்திருந்த சபைக்கு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசித்து வந்தவர் ஆர்கனம்மா. வீட்டில் வேறு பேர் உண்டு. ஆலயத்தில் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. போன வருடம் ஒருநாள் காலையில் காபி டம்ளரை எடுக்கப் போன இடது கை எழவில்லை. பக்கவாதம். சும்மா சொல்லக்கூடாது, சபை அவரைக் கைவிடவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். அடுக்களைக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. கை திரும்பி வந்தது. இடது கால் மட்டும் அரைமனதாக வந்தது. 'போ' என்று சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போகும்.

பெரியப்பாவின் மிதிகட்டை இருப்பதோ இடது ஓரத்தில். வலது காலை அவ்வளவு தூரம் கொண்டுபோனால் ஆளே பெஞ்சிலிருந்து சரிந்துவிடுவார்.

சபை தொடங்கிய நாளைக் கொண்டாடும் சபை நாள் ஆராதனைக்கு வாசிக்கும்படி போதகர் வந்து கேட்டார். ஆர்கனம்மா சரி என்றார். முந்தின நாள் மத்தியானம், கணவர் கையைப் பிடித்து மாடத்துக்கு ஏற்றிவிட, பழகிப் பார்க்கப் போனார். அங்கே குழாய்க்காரர் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஆர்கன் பழுது பார்ப்பவர். சபையில் பாதிப் பேர் அவரிடம் குளியலறைக் குழாயைப் பற்றியும் விசாரிப்பார்கள். அதில் அவருக்கு வருத்தம் உண்டு. ஆர்கனம்மா படுத்திருந்த காலம் முழுவதும் ஆர்கனைப் பிரித்துப் போட்டு வேலை செய்தவர் அவர்தான். சபை அதுவரை வாய்ப்பாட்டில் ஓட்டியது.

வேலையில் குறை சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முன்பொருமுறை பாடகர் குழுவில் ஒருவர், ஏதோ ஒரு சுரம் லேசாக இறங்கியிருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். பேருந்து நிறுத்தம் வரை போன குழாய்க்காரர் திரும்பி வந்து, ஆர்கனைத் திறந்து, அந்தச் சுரத்தை வாசித்துக் காட்டி, சொன்னவர் வாயாலேயே "தப்புதான்" என்று சொல்லவைத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினார்.

"அக்கா, வாங்க, வாங்க! ஈயக் குழல் அரிச்சுப் போச்சு, அதைத் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப மின்சாரக் கம்பி. பெரியப்பாவை மிதிச்சுப் பாருங்க. தொட்டவுடனே வருவாரு."

ஆர்கனம்மா மிதித்தார். பெரியப்பா அந்தக் கணமே வந்தார். பெஞ்சு அதிர்ந்தது.

"அற்புதமா பண்ணியிருக்கீங்க தம்பி" என்றார் ஆர்கனம்மா. மனதாரத்தான் சொன்னார். பிறகு நன்றிப் பாட்டை முதலிலிருந்து வாசித்தார். ஒவ்வொரு சபை நாளிலும் பாடுகிற பாட்டு. கடைசி வரிக்கு வந்தார். இடது கால் யோசித்தது. கைகள் முடித்துவிட்டுக் காத்திருக்க, கால் ஒரு மூச்சு தாமதமாகப் போய் மிதித்தது. மறுபடி வாசித்தார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

குழாய்க்காரர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நாளைக்குத் தடுமாறினேன்னா, மாடத்துச் சாவியைப் போதகர் கையில குடுத்துட்டு வந்துடுவேன்" என்று அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னார் ஆர்கனம்மா. "வேற சபையிலேருந்து ஆள் கூப்பிட்டுக்கட்டும். நொண்டிக்கிட்டு வாசிச்சு அவங்க பாட்டைக் கெடுக்கறதுக்கு நான் இல்ல."

கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஏம்மா, என் பஸ் என்னைக்காவது நேரத்துக்குப் போயிருக்கா? ஜனங்க நின்னு ஏறத்தானே செஞ்சாங்க?"

"உங்க பஸ்ஸும் என் பாட்டும் ஒண்ணா?"

"என் பஸ்ஸுல திட்டும் கேக்கும். உனக்கு அது இல்ல பாரு."

ஆர்கனம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சாவியைக் கைப்பையில் மேலாகவே எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆலயம் நிறைந்து வழிந்தது. ஆர்கனம்மா மாடப்படி ஏறுவதைப் பார்த்துக் கீழே ஒரு சலசலப்பு. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த அன்பு அவருக்கு மலை மாதிரி கனத்தது. போதகர் வேறு, சந்தோஷமான செய்தி என்று ஆரம்பித்து, "நம்ம பெரியப்பாவைச் சரி பண்ணியாச்சு. இனிமே நாம அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை" என்று அறிவித்தார். ஆலயம் கைதட்டியது. மாடத்தில் ஆர்கனம்மா முகத்தில் ஈயாடவில்லை. பழியைப் பெரியப்பாமேல் போட்டு ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தையும் மனுஷர் அடைத்துவிட்டார்.

நன்றிப் பாட்டு தொடங்கியது. கைகள் எதையும் மறக்கவில்லை. முதல் சரணம், இரண்டாம் சரணம். கட்டைகளுக்கு மேலே மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் சபை தெரிந்தது. கடைசிச் சரணத்தின் கடைசி வரி. இடது கால் யோசித்தது.

போச்சு, என்று நினைத்தார் ஆர்கனம்மா. இதோ முடித்துவிடுவார்கள். முடிந்த பாட்டின்மேல் பெரியப்பா தனியாக வந்து விழுவார்.

ஆனால் யாரும் முடிக்கவில்லை. முந்தைய எழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல, மொத்தச் சபையும் நின்றது. கண்ணாடியில், காத்திருக்க வேண்டாம் என்று அறிவித்த போதகரே வாயைத் திறந்தபடி இழுத்துக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாகப் பழகிய மூச்சு. ஓர் அறிவிப்பைக் கேட்டு மாறிவிடுமா? கால் போய்ச் சேர்ந்தது. பெரியப்பா வந்தார். தரை அதிர, கண்ணாடி அதிர, எல்லாருமாகச் சேர்ந்து முடித்தார்கள்.

ஆர்கனம்மா கட்டைகளின்மேல் கைகளை வைத்தபடியே அழுதார்.

ஆராதனை முடிந்து, கணவர் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கும்போதே கீழே குழாய்க்காரரை ஒரு கூட்டம் வளைத்திருந்தது தெரிந்தது. எல்லாரும் சித்தி என்று அழைக்கிற, பாடகர் குழுத் தலைவி முன்னால் நின்றார்.

"என்ன தம்பி, சரி பண்ணியாச்சுன்னு ஊருக்கே சொன்னாங்க? பெரியப்பா பழைய பெரியப்பாவாத்தானே இருக்காரு!"

"ஒரு வருஷமா உள்ள உக்காந்து என்னதான் பண்ணீங்க?" என்று யாரோ கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குழாய்க்காரரின் முகம் சிவந்தது. ஆர்கனம்மாவுக்குத் தெரியும், இந்த மனிதர் இதை லேசில் விடமாட்டார். இப்போதே எல்லாரையும் மாடத்துக்கு இழுத்துப்போய், தன் கையாலேயே கட்டையை அழுத்திக் காட்டிவிடுவார். அதற்கு முன் நாமே சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தார். "இல்ல சித்தி, அது வந்து என்..."

"ஆமாங்க" என்றார் குழாய்க்காரர் அவசரமாக. "நானும் என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். சரியா வரல. என் வேலையிலதான் குறை."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. சித்திதான் அவர் தோளைத் தட்டினார். "விடுங்க தம்பி, அப்படியே இருக்கட்டும். அவரு பாட்டுக்குச் சட்டுனு வந்து நின்னா நாங்க எங்க மூச்சு வாங்கறது?"

கூட்டம் கலைந்ததும் ஆர்கனம்மா குழாய்க்காரர் அருகில் போனார். "உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்களே தம்பி. எனக்காகப் பொய் வேற."

"பொய் என்னக்கா? பெரியப்பா லேட்டா வந்தாருன்னாங்க. வந்தாருதானே?" குழாய்க்காரர் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உள்ளபடி பார்த்தா, கம்பி வேலை சுத்தமா இருக்கு. அது உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். திரும்பி வரவில்லை.

போதகர் வந்தபோது ஆர்கனம்மாவின் கை பைக்குள் இருந்தது. விரல்களில் சாவி தட்டுப்பட்டது. அவர் அதை அடிவரை தள்ளி, மேலே கைக்குட்டையை வைத்துப் பையை மூடினார்.

"அடுத்த வாரம் என்ன பாட்டு வாசிக்கிறீங்கம்மா?" என்று கேட்டார் போதகர்.

"எதுவானாலும் சரி. கடைசியில பெரியப்பா வரணும்" என்றார் ஆர்கனம்மா.