மரத்துக்கும் முதுகு உண்டு

அண்ணிக்குக் கழுத்தில் இரண்டு எலும்பு தேய்ந்துவிட்டது. "இனிமே தலையில சுமை ஏத்தினா கை ரெண்டும் மரத்துப்போகும். அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

டாக்டர் சொல்லலாம். மழைக்காலம் வந்தால் காட்டுக்குள் பாதை போடும் வேலை நின்றுவிடும். நின்றால் நானும் அண்ணியும் கிடங்கில் மூட்டை சுமக்கத்தான் போக வேண்டும். ஒன்பது வருடமாக அதுதான் நடக்கிறது. என் கழுத்து இன்னும் ஐந்தாறு வருடம் தாங்கும். அவளுடையது இந்த மழைக்கே தாங்காது.

இந்த வருடம் மேஸ்திரி ஒரு சேதியோடு வந்தார். ஏரிக்கரையிலிருந்து மேட்டு ரோடு வரைக்கும் காட்டுக்குள் நாங்கள் போட்ட நான்கு கிலோமீட்டர் நடைபாதையைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வருகிறார். நடந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால், பாதையைப் பராமரிக்க இரண்டு பேருக்கு நிரந்தர வேலை. மழையானாலும் வெயிலானாலும் மாதச் சம்பளம்.

"ரெண்டு பேர்னா யாரு?" என்றேன்.

"பெத்தவங்கதானே வளக்கணும். நீங்க ரெண்டு பேரும்தான்."

"சரியில்லைன்னு சொல்லிட்டா?" என்று கேட்டாள் அண்ணி.

"மெஷின் வச்சிருக்கிற கம்பெனிக்குப் போயிடும். வாயில நல்ல வார்த்தை வராதா உனக்கு?"

பாதையைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. சரிவில் கல் பதித்து நூற்றுப் பன்னிரண்டு படி கட்டியிருந்தோம். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி முப்பது இடத்தில் குறுக்கு வாய்க்கால் வெட்டிக் கல் பாவியிருந்தோம். ஒரு கல் ஆடாது. மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தோம். நான் கொஞ்சம் கனம்தான். என்னைத் தாங்கின கல் யானையையும் தாங்கும் என்பாள் அண்ணி.

கடைசி வேலை மஞ்சள் பெயிண்ட். காட்டுக்குள் வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க, மரத்தில் கண் உயரத்துக்கு ஓர் உள்ளங்கை அகலத்தில் பட்டை அடிக்க வேண்டும். ஒரு பட்டைக்குப் பக்கத்தில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். அதுதான் மேஸ்திரி சொன்ன கணக்கு. காலையில் ஏரிக்கரையில் ஆரம்பித்தோம். அண்ணி பட்டைக்குப் பக்கத்தில் நிற்பாள், நான் டப்பாவோடு முன்னால் போவேன். "தெரியுது, தெரியுது, அங்கேயே அடி" என்று கத்துவாள். சாயங்காலம் மேட்டு ரோட்டுக்கு ஏறியபோது மேஸ்திரி அனுப்பிய வண்டி காத்திருந்தது. ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பார்வையிடும் நாள் புதன்கிழமை. துவைத்த துணி உடுத்தி, ஒன்பது மணிக்கே ஏரிக்கரையில் நின்றோம். மேஸ்திரி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பத்தாயிற்று, பத்தரையாயிற்று. ஜீப்பைக் காணோம். மேஸ்திரி டிரைவருக்கு போன் போட்டார்.

"கரை ரோடு ஒரே சேறுன்னு மேட்டு ரோட்லயே எட்டரைக்கு இறக்கிவிட்டுட்டானாம். மேலேருந்து தனியா நடந்து வர்றாங்களாம்." மேஸ்திரி போனைப் பார்த்தார். "மொத்தமே ஒன்றரை மணி நேர நடைதானே?"

அண்ணி விறுவிறுவென்று பாதைக்குள் போனாள். முதல் மரத்தைத் தாண்டி நின்று உடம்போடு திரும்பினாள். அவளுக்குக் கழுத்து தனியாகத் திரும்பாது. அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருடி."

போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து மரம் வெறும் மரமாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. ஏறிப் போகிறவன் கண்ணுக்குத்தான் அத்தனை மஞ்சளும். இறங்கி வருகிறவனுக்கு ஒரு பொட்டுகூட இல்லை.

"அட பாவிகளா," என்றார் பின்னால் வந்த மேஸ்திரி. "மரத்துக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கிறது தெரியாதா?"

"நீங்க வந்து பாத்தப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்றேன்.

கரையில் வைத்திருந்த கருவிப் பெட்டியிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு மரத்தையும் தாண்டித் திரும்பி நின்று, ஒரே இழுப்பு. ஏழு மரம் அடித்திருப்பேன். அண்ணி வந்து கையைப் பிடித்தாள்.

"பெயிண்டை அப்புறம் பாத்துக்கலாம். அந்தம்மா எங்க போனாங்கன்னு மொதல்ல பாரு. ஏரிக்குள்ள இறங்கிட்டாங்கன்னா?"

"இன்னும் ஏழெட்டு மரமாச்சும் அடிச்சிடறேன் அண்ணி. உங்க வேலைக்காகத்தானே..."

"என் வேலை கிடக்குது. நட."

பாதி வழியில் பாதையை மான் தடம் ஒன்று குறுக்கே வெட்டும். தண்ணீர் குடிக்க மான்கள் இறங்கி இறங்கி, எங்கள் பாதையைவிட அகலமாக ஆக்கி வைத்திருந்தன. தெரியாதவர்கள் அதில்தான் போவார்கள். நாங்களும் அதிலேயே இறங்கினோம். கீழே கோரைப்புல்லுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"யாராவது இருக்கீங்களா? இருந்தா சிரிக்காம வாங்க."

அதிகாரியம்மா முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல கனமான உடம்பு. ஒரு கை மரக்கிளையைப் பிடித்திருந்தது, இன்னொன்று ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. ஆளுக்கொரு தோளைக் கொடுத்து இழுத்தோம். ஆள் வந்துவிட்டார், ஒரு ஷூ வரவில்லை.

"இந்தப் பக்கம் ஏம்மா வந்தீங்க? உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"யாருமே ஒண்ணும் சொல்லலை. அதானே பிரச்சினை. மேலேருந்து ஒரு குறிகூட இல்ல."

"போன வாரம் மழை பெஞ்சுதும்மா, கழுவிட்டுப் போயிருக்கும்" என்று அளந்தேன். சொல்லும்போதே என் கையெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லாத" என்று அண்ணி என்னை அதட்டினாள். "அடிக்கலைம்மா. மறந்துபோயும் இல்ல. அடிக்கணும்னு தோணவே இல்ல. நாங்க மூட்டை தூக்கறவங்க. சுமையோட போறவ திரும்பிப் பாக்கமாட்டா, பாத்தா கழுத்து ஒடிஞ்சிடும். முன்னாடி என்ன இருக்குதோ அதை மட்டும்தான் பாப்போம். அப்படியே வேலையையும் செஞ்சுட்டோம்."

போச்சு என்று நினைத்தேன். உண்மை பேசுகிற வாய்க்குச் சோறு கிடைக்காது என்று சும்மாவா சொல்வார்கள்?

அதிகாரியம்மா சேற்றைத் துடைத்தார். "உங்க செருப்பைக் கழட்டுங்க" என்றார் அண்ணியிடம். வாங்கிப் போட்டுக்கொண்டார். "நடங்க. கரையிலேருந்து மேல வரைக்கும் முழுசாப் பாக்கணும்."

அண்ணி வெறுங்காலோடு முன்னே நடந்தாள். அந்தம்மா வாய்க்காலுக்கு வாய்க்கால் குனிந்து டேப் வைத்து அளந்தார். படிக்குப் படி மிதித்துப் பார்த்தார். மேட்டு ரோட்டில் ஏறியதும் மூச்சு வாங்க ஃபைலைத் திறந்தார்.

"கீழேருந்து மேல பாஸ். மேலேருந்து கீழ பெயில். சனிக்கிழமை திரும்ப வர்றேன். மேலேருந்துதான் இறங்குவேன். ஒருத்தரும் கூட வரக்கூடாது. இந்தத் தடவை வழி தெரியலைன்னா கம்பெனிக்குத்தான்."

மறுநாள் இருட்டுவதற்குள் நூறு மரத்துக்கு முதுகில் மஞ்சள் பூசினோம். ஆனாலும் அண்ணிக்கு மனம் ஆறவில்லை.

"நமக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். நாம பாத்து என்ன பிரயோஜனம்? ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தர் வேணும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்படிப்பட்ட ஆள் வீட்டிலேயே இருந்தார். என் அண்ணன். புது வாடகை வீட்டுக்கு மாறிய பிறகு ஒரு மாதம் வரைக்கும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்.

வெள்ளிக்கிழமை காலை அவரை மேட்டு ரோட்டில் இறக்கிவிட்டோம். "மஞ்சளைப் பாத்துக்கிட்டே போங்க, ஏரி வந்தா நில்லுங்க" என்றாள் அண்ணி.

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று முறைத்துக்கொண்டு இறங்கினார்.

நாங்கள் சத்தம் போடாமல் பின்னாலேயே போனோம். அவர் எங்கே நின்று தலையைச் சொறிகிறாரோ, அங்கே கூடுதலாக ஒரு பட்டை. பதினான்கு இடத்தில் சொறிந்தார். மான் தடத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் ஏரிப் பக்கம் திரும்பினார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இதானே நல்ல அகலமா இருக்குது?" என்றார்.

அந்த இடத்துக்கு மட்டும் நான்கு பட்டை அடித்து, மான் தடத்தின் வாயில் ஒரு பெரிய மரக்கட்டையையும் உருட்டிப் போட்டோம். கட்டையை அண்ணனே உருட்டினார்.

சனிக்கிழமை கரையில் நின்றது போல் நான் எங்கேயும் நின்றதில்லை. ஒன்றரை மணி நேரமாயிற்று. அண்ணி பாதையைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை கழுத்தைத் தடவியபடி இருந்தது. அப்புறம் பத்து நிமிடம். மரங்களுக்கு நடுவே அதிகாரியம்மா வந்தார். காலில் புது ஷூ. அதில் சேறே இல்லை.

"வழி நல்லாத் தெரியுது" என்றார். "ஆனா சில இடத்துல மரத்துக்கு மரம் அடிச்சு வச்சிருக்கீங்களே. அந்த மான் தடத்துக்கிட்ட நாலு! எதுக்கு அவ்வளவு?"

"அது எங்க வீட்டுக்காரருக்காக அடிச்சதும்மா" என்றாள் அண்ணி.

அந்தம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஃபைலை மேஸ்திரியின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முதல் தேதியிலிருந்து நிரந்தரம் என்று படித்தும் காட்டினார். மேஸ்திரி குனிந்தது குனிந்தபடியே நின்றார்.

அண்ணி காகிதத்தை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. அதை நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னடி வேடிக்கை?" என்றாள். "மூணாவது வாய்க்கால்ல இலை அடைச்சுக் கிடக்குதாம், அந்தம்மா சொன்னது காதுல விழலையா? மண்வெட்டியை எடு."