பின்சக்கரம் பெரியது

1

இந்தக் கதை என் அத்தான் செய்த ஒரு தவறிலிருந்து கிடைத்தது. மரம் ஏற்றும் லாரியில் பின்பக்கம் மட்டும் பெரிய டயர்களை மாட்டிவிட்டார். லாரியை ஓட்டுவது அக்கா. அவளைக் கேட்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிக்கொண்டிருந்தது. லாரி காயம்பட்ட மிருகத்தைப் போல—'

(மழை பெய்யவில்லை. லாரியும் லாரியைப் போலத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.)

2

நான் இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதினால் ஓரளவு விளங்க வைக்க முடியும்.

ஒரே தூரத்தைக் கடக்கப் பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும். சிறியது அதிகமாகச் சுற்றும். நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி லீவரைப் போட்டுவிட்டால், முன்னச்சும் பின்னச்சும் ஒரே கணக்கில் சுற்றியாக வேண்டும். சேற்றில் ஏதாவதொரு சக்கரம் வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். தார்ச்சாலையில் வழுக்க முடியாது. இரண்டு அச்சுகளையும் இணைக்கும் தண்டில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் லீவர் இறுகிக்கொள்ளும்.

(இங்கே கணவன் மனைவி என்று ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

3

காட்டுப்பாதைச் சேற்றில் லாரி நன்றாகவே ஏறியது. தார் தொடங்கியதும் திமிறி நின்றுவிட்டது. அக்கா சொன்னபடி எழுதுகிறேன்.

"முன்டயர் நல்லாத்தானே இருக்கு? அத எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்றாராம் பக்கத்து சீட்டிலிருந்த அத்தான்.

"ஓட்டுறது நான். ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"டயர் மாத்த மந்திரிசபையக் கூட்டணுமா?"

அந்தக் கேலிக்குத்தான் அக்கா சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள், டயருக்காக அல்ல. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். "இனிமே அந்த மனுஷன்கூடப் போகமாட்டேன்" என்றாள்.

அத்தானைக் கெட்டவராக்கி எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக ஓடியது; அதனாலேயே சந்தேகம் வந்தது. நீண்ட பயணங்களில் அக்காவுக்குக் கண் சொருகாதபடி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருபவரும் அவர்தான்.

4

இப்போது வாசலில் நிற்கிறார். கையெல்லாம் கிரீஸ்.

"லீவர் வரமாட்டேங்குது பாப்பா. அக்காவக் கூப்பிடேன்."

உள்ளிருந்து அக்காவின் குரல்: "மெக்கானிக்கக் கூப்பிடச் சொல்லுடி."

"கூப்பிட்டேன். ஓட்டுறவங்கள முதல்ல கூப்பிடுங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

அத்தான் உள்பக்கம் பார்த்துச் சொன்னார்: "முன்னாடிக்கும் அதே சைஸ் எடுத்துடலாம்னு... இல்ல, கடையில இன்னும் சொல்லல. உன்னக் கேட்டுட்டு... இனிமே நான்—"

அங்கேயே நிறுத்திவிட்டார்.

அந்த வாக்கியத்தை நான் பலவிதமாக முடித்துப் பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தன. எதிலும் அவர் குரல் இல்லை.

5

இறுகிய லீவரை எடுக்க வழி இருக்கிறது. வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் தண்டு தளரும், லீவர் வந்துவிடும். அக்காவுக்கு அது தெரியும். அத்தானுக்குத் தெரியாது.

(வண்டியைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.)

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறாள்.

"எங்களச் சேத்து வச்சுடாத. பிரிச்சும் வைக்காத."

"அப்ப எப்படிக்கா முடிக்கிறது?"

"நீ ஏண்டி முடிக்கிற?"

பேனாவை வைக்கப் போகிறேன். சாவி அக்காவின் கையில் இருக்கிறது. அத்தான் வாசலில் தன் வாக்கியத்தின் மிச்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் அதை எப்படி முடித்தால் அக்கா படியிறங்குவாள் என்று உங்களுக்குத் தெரிந்தால், என்னிடம் சொல்ல வேண்டாம்.

அவரிடம் சொல்லுங்கள்.