ஜெபசிங் சொல்லாதது

ஜெபசிங் இறந்த மறுவாரம்தான், அவன் சொன்னதாக ஒரு வாசகம் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருப்பது விஜிதாவுக்குத் தெரிய வந்தது.

ராஜபாளையம் சாலையில் அவர்களுக்குப் பெயின்ட் கடை. டின்னைக் குலுக்கும் மெஷினை நிறுத்தப் போன இடத்தில் அவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துபோயிற்று. அன்றிலிருந்து விஜிதாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவள்தான் அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். கடையைத் திறக்கலாமா என்று யாரோ கேட்டபோது திறந்தாள்.

கொழுந்தன் சாம்ராஜ் கடைக்கு வந்து செல்போனை நீட்டினான். வெள்ளைச் சட்டையில் ஜெபசிங். அவனுக்குப் பின்னால் மேகங்கள், இரண்டு புறாக்கள். கீழே எழுதியிருந்தது: ‘நான் போன பிறகு அழாதீர்கள். நான் நேசித்தவர்களை நேசியுங்கள். அங்கேதான் இருப்பேன். – அமரர் ஜெபசிங்.’

“வியாபாரிகள் சங்க குரூப்புல வந்தது மைனி. ராயகிரி மாமா வரைக்கும் ஸ்டேட்டஸ் வச்சிருக்காரு. கல்லறையில இதையே வெட்டிருவோம். கல்லு வேலைக்காரர்ட்ட சொல்லிட்டேன்.”

“இத அவுக சொல்லலையே.”

“உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாரு. வெளியில சொல்லிருப்பாரு.”

சாம்ராஜ் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனாலும் அவன் போன பிறகு அந்தப் பேச்சு மட்டும் போகாமல் நின்றது. வெளியில் வேறு மாதிரிப் பேசுகிற ஒரு ஜெபசிங் இருந்தானா? கூட்டம் இல்லாத நேரத்தில் அந்த வரியை அப்படியே போனில் அடித்துத் தேடினாள். தாடி வைத்த ஒரு சாமியார் படத்தின் கீழே அதே வரி இருந்தது. சண்டையில் இறந்த ராணுவ வீரர் ஒருவரின் கீழேயும், பெயர் படிக்க வராத ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானியின் கீழேயும் இருந்தது. எல்லாவற்றுக்கும் பழைய படத்தில் ரோஜாப்பூ மட்டும்தான். ஆள் பெயரே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

சங்கச் செயலாளர் கோமதிநாதனுக்கு ரத வீதியில் பாத்திரக்கடை. மறுநாள் அங்கே போய், அந்தப் படத்தைப் போட்டது யார் என்று கேட்டாள்.

“நான்தாம்மா போட்டேன்” என்றார் அவர். “காலையில குட்மார்னிங்னு ஒருத்தன் அனுப்பிருந்தான். கீழ வேற யாரோ பேரு கெடந்துது. வரி நல்லா இருந்துது. அந்தப் பேர எடுத்துட்டு உம் மாப்பிள்ளை பேரப் போட்டேன்.”

“சொல்லாதத சொன்னதாப் போடலாமா அண்ணாச்சி?”

“கெட்ட வார்த்தையா போட்டேன்? சொந்தபந்தத்துக்கு ஒரு ஆறுதல். யாரு சொன்னதுன்னு எவன் தேடிப் பாக்கப் போறான்?”

“நான் தேடிப் பாத்தேன்.”

அவர் கையிலிருந்த குத்துவிளக்கைக் கீழே வைத்தார். “பூக்கடை பெத்துராஜ் போனப்பவும் இதத்தான் போட்டேன். அவன் பொண்டாட்டி சுப்புத்தாய் அத பிரேம் போட்டு கடையில மாட்டிருக்கு. தப்பான்னு அவகிட்டயே போயிக் கேளு.”

கேட்கலாம் என்றுதான் போனாள். பூக்கடையில் அதே மேகம், அதே புறாக்கள். நடுவில் மட்டும் பெத்துராஜ். சுப்புத்தாய் பிச்சி கட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் பார்வை படத்தில் நிற்பதைக் கண்டு அவளாகவே பேசினாள்.

“அவரு கோவம் ஊருக்கே தெரியும் விஜிதா. கெட்டுன நாள்லருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை தணிஞ்சு பேசுனதில்ல. வெளியில யார்கிட்டயோ இப்படிச் சொல்லிருக்காரு பாரு. நேசிச்சவங்கன்னா, நானும் அதுல உண்டுதான?”

விஜிதாவின் போனில் சாமியாரும் விஞ்ஞானியும் அப்படியே இருந்தார்கள்.

“உண்டுக்கா” என்றாள்.

சுப்புத்தாய் ஒரு முழம் பிச்சியை இலையில் சுருட்டிக் கொடுத்தாள். “படத்துக்குப் போடு.”

வெயிலில் நடந்து திரும்பும்போது அந்த வரி ஜெபசிங்கின் குரலில் கேட்டது. போனில் பேசும்போது சொல்லின் கடைசியை விழுங்குவானே, அதே மாதிரி. விஜிதா நின்றுவிட்டாள். அன்று காலையில் அவன் உண்மையில் என்ன சொன்னான்? மத்தியானம் சாப்பிட வரமாட்டேன், ராயகிரிக்கு லோடு அனுப்பணும். சொற்கள் ஞாபகம் வந்தன, குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள். நான் போன பிறகு அழாதீர்கள் என்பது மட்டும் தெளிவாக வந்தது. அவன் போன பிறகு முதல் தடவையாக அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயமும் எங்கோ தள்ளித்தான் இருந்தது.

சாயங்காலம் சாம்ராஜிடம், “கல்லுல பேரும் தேதியும் போதும்” என்றாள்.

“இத்தனை பேரு படிச்சு அழுதிருக்காங்களே மைனி, அதெல்லாம் பொய்யா?”

“அழுதது பொய்யில்ல. அந்த வரிதான் அவுகளோடது இல்ல. சுப்புத்தாய் அக்காவுக்கு அது வேண்டியிருக்கு, இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வேண்டாம். அதக் கேட்டுக் கேட்டு அவுக குரலு மறந்துகிட்டு வருது சாம்ராஜ்.”

அவன் “சரி” என்று எழுந்தான். சாப்பிட்டுப் போகச் சொன்னதற்கு நிற்கவில்லை.

கல் வைத்த அன்று பாஸ்டர் ஜெபம் பண்ணினார். கோமதிநாதன் மாலையோடு வந்தார், கல்லைப் படித்தார், மாலையை வைத்தார். கீழ்ப்பாதி காலியாகக் கிடக்கிறதே, ஒரு வேத வசனமாவது வெட்டட்டுமா என்று கல்வேலைக்காரர் கேட்டார். இருக்கட்டும் என்றாள். கூட்டம் கலைந்த பிறகு சாம்ராஜ் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். விஜிதா ஏறிக்கொண்டாள். கடை வாசலில் இறங்கும்போது அவன் சொன்னான்:

“அண்ணன் எங்கிட்ட கடைசியா என்ன சொன்னாருன்னு யோசிச்சிக்கிட்டே இருக்கேன் மைனி. பெரிசா ஒண்ணும் இல்ல. மழைக்கோட்டக் கேட்டாரு.”

“எப்படிக் கேட்டாக?”

அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். “ஏலே, எம் மழைக்கோட்டு எங்கலே.”

அண்ணன் தம்பிக்குக் குரல் கொஞ்சம் ஒத்துப்போகும். விஜிதா அசையாமல் கேட்டாள். அழுகை வரவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுப்பா” என்றாள்.

அவன் சொன்னான். வாசுதேவநல்லூரிலிருந்து பிரைமர் வாங்க வந்த ஒருவர் கடைப் படியில் காத்திருந்தார். விஜிதா சாவியை எடுத்து ஷட்டரைத் திறந்தாள்.